கிணற்றுக்கு முன் ஆறு, ஆற்றுக்கு முன் கிணறு

1

“அப்போ ஆத்துப் பேப்பர் எடுக்கணும்னா, கிணத்துப் பேப்பர் முடிச்சிருக்கணும்?”

“ஆமாம்மா.”

“கிணத்துப் பேப்பர் எடுக்கணும்னா?”

“ஆத்துப் பேப்பர் முடிச்சிருக்கணும்.”

“இதுவரைக்கும் யாராச்சும் எடுத்திருக்காங்களா, மேடம்?”

“இல்லம்மா. புதுப் பேப்பர்தானே.”

இவ்வளவுதான் என் காதில் விழுந்தது. ஓர் அரசுக் கல்லூரியில் சான்றிதழுக்கு முத்திரை வாங்க வரிசையில் நின்றபோது, பாதி திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து வந்தது. முத்திரை விழுந்ததும் கிளம்பிவிட்டேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. கண்ணும் மூக்கும் வைத்தவன் நான்தான். கோணலாக இருந்தால் கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள் பொறுப்பல்ல.

2

முதலில் ‘வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது’ என்று தொடங்கினேன். நீரியல் படிப்பைப் பற்றிய கதையில் மழையும் பெய்வது அதிகப்பிரசங்கித்தனம். அடித்துவிட்டேன். அடுத்து: ‘அந்த அறையின் மௌனம் ஒரு’

(ஒரு என்ன? எனக்கும் தெரியவில்லை.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். மேடம் அந்தக் கல்லூரியின் முதுநிலைப் படிப்புகளுக்குப் பொறுப்பாளர். புதுப் பாடம் எதுவானாலும் அவர் தலைமையிலான குழு ஒப்புக்கொண்டு, அவர் கையெழுத்திட்டால்தான் வகுப்பறைக்குப் போகும். நீரியலில் இரண்டு கட்டாயப் பாடங்கள் வந்தன. ஒன்று ஆற்று நீர். இன்னொன்று நிலத்தடி நீர். பின்னதை எல்லோரும் கிணறு என்பார்கள். ஆற்றை நடத்துபவர் கணவர், கிணற்றை நடத்துபவர் மனைவி. விண்ணப்பத்தில் ‘இதற்கு முன் முடித்திருக்க வேண்டிய பாடம்’ என்றொரு கட்டம் உண்டு. கணவர் அதில் கிணறு என்று எழுதினார். அந்த அம்மா ஆறு என்று எழுதினார். குழுக் கூட்டத்தில் தேநீருக்கு முன் ஒன்றும் தேநீருக்குப் பின் ஒன்றுமாக இரண்டும் நிறைவேறின.

[படித்தவர்கள் கூடும் இடத்தில் படிக்க மட்டும் ஆள் கிடைப்பதில்லை. இந்த வரி கொஞ்சம் மிகை. இருந்துவிட்டுப் போகட்டும்.]

3
(இதற்கு முன் படித்திருக்க வேண்டியது: பகுதி 4)

மேடம் இருவரையும் அழைத்தார். அவர் அறையில் ஏ.சி. சொட்டும், கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. நீரியல் பேராசிரியர்கள் இருவரும் வாளியைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார்கள்.

“கோடையில ஆத்துல ஓடுற தண்ணி எங்கேர்ந்து வருது? பூமிக்குள்ளேர்ந்துதான். இவ பாடம் படிக்காம என் பாடம் புரியாது” என்றார் கணவர்.

“பூமிக்குள்ள தண்ணி எப்படிப் போச்சாம்? ஆறு நனைச்சுத்தானே? இவர் பாடம் இல்லாம என் பாடம் அந்தரத்துல நிக்கும்” என்றார் மனைவி.

மேடத்துக்குத் தலை சுற்றியது. “ரெண்டு பேரும் பாராட்டிக்கிறீங்களா, சண்டை போடுறீங்களா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வீட்ல பேசிட்டுச் சொல்றோம், மேடம்.”

“யாராவது ஒருத்தர் விட்டுக்குடுங்களேன்.”

“அதெல்லாம் குடும்பத்துல, மேடம். இது பாடத்திட்டம்” என்றார் அந்த அம்மா.

முதல் பிரதியில் இவர்கள் ஜென்ம விரோதிகள். அடிப்படைகளைச் சொல்லித்தரும் கழுத்தறுப்பை ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்தார்கள். இரண்டாம் பிரதியில் அதே வசனங்களை வைத்துக்கொண்டு காதலர்களாக்கினேன். ஒரு சொல்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதிலிருந்து இவர்கள் மேல் எனக்குச் சந்தேகம்.

4
(இதற்கு முன் படித்திருக்க வேண்டியது: பகுதி 3)

கதவுக்குள் கேள்வி கேட்டவள் நீரேற்று நிலையத்தில் வேலை பார்ப்பவள். இரவுப் பணி. இந்தப் பட்டம் கிடைத்தால் பகல் வேலைக்கு மாற்றுவார்கள். படிப்பு விடுப்பு இந்தப் பருவத்தோடு முடிகிறது. இந்த இரண்டு பாடங்கள்தான் பாக்கி.

“பாப்பாவ ஊர்ல அக்காகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன், மேடம். பகல் வேலைன்னா ராத்திரி என் பக்கத்துலயே படுத்துக்குவா. இப்பல்லாம் அவ அக்காவத்தான் அம்மாங்கிறா.”

(குழந்தையைப் பிறகுதான் சேர்த்தேன். குழந்தை இல்லாத பிரதியில் மேடம் ‘விதி விதிதான்’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். குழந்தை வந்த பிறகும் அதையேதான் சொன்னார்; சாப்பிடத்தான் போகவில்லை.)

மேடம் கல்நெஞ்சக்காரர் அல்ல. விதிவிலக்கு கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் காரணத்தை எழுதி மேலே அனுப்ப வேண்டும். யாராலும் சேர முடியாத இரண்டு பாடங்களை நானே அனுமதித்தேன் என்று எழுதினால், மேலே இருப்பவர்கள் சிரித்துவிட்டு விட மாட்டார்கள், படிப்பையே நிறுத்திவைப்பார்கள். அப்போது இவளுக்கும் பட்டமில்லை, கூடப் படிப்பவர்களுக்கும் இல்லை. குழுவைக் கூட்டித் திருத்தலாம். குழு கூடுவதற்குள் வகுப்புகள் பாதி ஓடிவிடும். பாதியில் யாரையும் சேர்க்க முடியாது.

மேடம் இரண்டு விண்ணப்பங்களையும் எடுத்துக் கையெழுத்துகளைப் பார்த்தார். இரண்டும் அவருடையவைதான். தேநீருக்குப் பின் போட்டது இன்னும் அழகாக விழுந்திருந்தது.

5
(இதற்கு முன் எதையும் படித்திருக்கத் தேவையில்லை)

சில முடிவுகளை முயன்று பார்த்தேன்.

மேடம் துணிந்து காரணத்தை எழுதுகிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். படிப்பு மூடப்படுகிறது. கைதட்டியவர்கள் வேறு கல்லூரி தேடுகிறார்கள்.

கணவர் ஒரு நாள் காலையில் மனைவிக்காகக் கட்டத்தை அழித்துவிடுகிறார். அதே காலையில் மனைவியும் அழித்துவிடுகிறார். இப்போது இரண்டுக்கும் முன்பாடம் இல்லை. குழு சந்தேகப்பட்டு இரண்டையும் திருப்பி அனுப்புகிறது.

அவள் எழுந்து வீட்டுக்குப் போய், பாப்பாவிடம்

(இதை என்னால் எழுத முடியவில்லை.)

ஒன்று கேட்கிறேன். நான்காம் பகுதியைப் படிக்காமலேயே மூன்றாம் பகுதிக்குள் நுழைந்தீர்கள் அல்லவா? யாராவது தடுத்தார்களா? புரியாமல் போயிற்றா?

அவளுக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். எழுந்தவள் வாளிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“மேடம், திங்கக்கிழமை அந்த ரெண்டு கிளாஸும் நடக்குமா?”

“டைம்டேபிள்ல இருக்கே. நடக்கும்.”

“ஒருத்தருமே இல்லாமயா?”

“அவங்க ரெண்டு பேரும் வந்துருவாங்கம்மா. ஆளில்லைன்னாலும் போர்டுல எழுதிப் போட்டுட்டுத்தான் போவாங்க.”

“கதவு பூட்டியிருக்குமா?”

“கிளாஸ் ரூமை யாரு பூட்டுறா?”

மேடம் அதைச் சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று யோசித்தார். ஏ.சி. சொட்டியது. வருகைப் பட்டியல்கள் மேசை மேல்தான் இருந்தன, ஆற்றுக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று. இரண்டிலும் பெயரே இல்லை. பெயர் எழுதினால் வகுப்பில் சேர்ந்ததாக ஆகும். குழு கூடி விதியைத் திருத்திவிட்டால் அது செல்லும்; அதுவரை யாரும் பட்டியல்களைத் திறந்து பார்க்காமல் இருக்க வேண்டும். பார்த்துவிட்டால், மேடத்தின் கையெழுத்து மூன்றாவது முறையாக மாட்டிக்கொள்ளும்.

பேனா இப்போது மேடத்தின் கையில் இருக்கிறது. நான் என்னுடையதை மூடிவிட்டேன்.

“நான் பாட்டுக்குப் பின்னாடி பெஞ்சுல உக்காந்துக்குறேன், மேடம். பாடம் எனக்குப் புரிஞ்சிரும், அதை நான் பாத்துக்குறேன். இந்த ரெண்டு லிஸ்ட்லயும் என் பேரை மட்டும் இன்னிக்கே எழுதிடுறீங்களா?”