இடது கையால் ஒரு தொப்பி

ஜாகிருக்குத் தலை பெரியது. தாம்பரம் மார்க்கெட்டில் விற்கிற தொழுகைத் தொப்பி எதுவும் அவனுக்குச் சேராது. புதிதாக வாங்கிப் போட்டால் நெற்றியில் சிவப்பாகக் கோடு விழும். இழுத்து இழுத்துத் தளர்த்திப் போட்டால், தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது தொப்பி முன்னால் உருண்டுவிடும். சேலையூர் கேம்ப் ரோட்டில் செருப்புக்கடை வைத்திருந்தான். ஊரில் உள்ள கால்களுக்கெல்லாம் அளவு பார்த்துக் கொடுப்பவன், தன் தலைக்கு ஒன்று கிடைக்காமல் அலைந்தான்.

அவன் மனைவி மெஹ்னாஸ் ஒரு நாள் தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, பக்கத்து சீட்டில் ஜோசலின் உட்கார்ந்திருந்தாள். அடுத்த தெருக்காரி, பள்ளிக்கூட டீச்சர். முனை கொக்கிபோல் வளைந்த ஊசி ஒன்றால் வெள்ளை நூலை இழுத்து இழுத்து, டிவி மேல் போடும் விரிப்பு ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தாள். பஸ் குலுங்கியும் அவள் கை நிற்கவில்லை.

"இது குரோஷாதானேக்கா? இதுல தொப்பி போடலாமா?"

"தாராளமா. வட்டமா ஆரம்பிச்சு, ஓரத்தைக் கீழ இறக்கினா தொப்பிதான். சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வாங்க. ரெண்டு மூணு பேர் கத்துக்க வர்றாங்க."

நோன்புப் பெருநாளுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. மெஹ்னாஸ் போனாள்.

ஜோசலின் அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, வலது கையில் ஊசியைப் பிடித்துக் காட்டினாள். மெஹ்னாஸ் ஊசியை எடுத்த கை இடது கை. சின்ன வயதில் அடித்து அடித்து எழுதுவதை மட்டும் வலது கைக்கு மாற்றியிருந்தார்கள். கத்தி, கரண்டி, தையல் ஊசி எல்லாம் அவளுக்கு இடதுதான்.

கூடக் கற்றுக்கொள்ள வந்திருந்த அம்மணி அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா, பீச்சாங்கையால போடறே? தொழுவறதுக்குப் போட்டுக்கினு போற தொப்பிங்கறே."

மெஹ்னாஸுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஊசியை வலது கைக்கு மாற்றினாள். விரல்கள் மரக்கட்டையாகிவிட்டன. நூல் இறுகி, கண்ணிக்குள் ஊசி நுழையவே மாட்டேன் என்றது. மறுபடி இடது கைக்கு மாற்றினால், ஜோசலின் சொல்வது ஒன்றும் பொருந்தவில்லை. அவள் இந்தப் பக்கம் என்றால் இவளுக்கு அது அந்தப் பக்கம். நூலை எந்த விரலில் சுற்றுவது, எங்கே குத்துவது, எல்லாமே குழப்பம். ஜோசலினும் தன் இடது கையால் போட்டுக்காட்டப் பார்த்தாள். ஒரு கண்ணிகூட வரவில்லை.

இரண்டு மூன்று சனிக்கிழமைகள் இப்படியே போயின. கடைசியில் ஜோசலின் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"தப்பா நினைக்காதீங்க மெஹ்னாஸ். இடது கைக்கு எப்படிச் சொல்லித் தர்றதுன்னு எனக்கே தெரியல. எம்பிராய்டரி வேணா முயற்சி பண்றீங்களா?"

மெஹ்னாஸ் தலையாட்டிவிட்டு வந்தாள். வழியெல்லாம் கண் எரிந்தது. எம்பிராய்டரி செய்தால் ஜாகிருக்குத் தொப்பி வராதே என்பதே மனதில் ஓடியது.

அடுத்த சனிக்கிழமை, ஜோசலின் கொடுத்த நூல்கண்டையும் ஊசியையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் கிளம்பினாள். போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. ஜோசலினுக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இருந்த பாயில்தான் இடம். மெஹ்னாஸ் அங்கே உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோசலினின் ஊசி பிடித்த கை, தன் இடது கைக்கு நேராக இருந்தது. நூல் பிடித்த கை, தன் வலது கைக்கு நேராக. அந்தக் கை ஊசியை உள்ளே விட்டு நூலை இழுத்தது. மெஹ்னாஸின் இடது கை மடியில் தானாக அசைந்தது.

பையிலிருந்து ஊசியை எடுத்தாள்.

"அக்கா, அப்படியே உக்காருங்க. ஒண்ணும் சொல்ல வேணாம். மெதுவாப் போடுங்க, போதும்."

ஜோசலின் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல், சாவகாசமாக ஒவ்வொரு கண்ணியாகப் போட்டாள். எதிரே மெஹ்னாஸும் போட்டாள். அன்று மாலைக்குள் முழங்கை நீளத்துக்குச் சங்கிலிப் பின்னல் வந்துவிட்டது. கோணல் மாணல்தான். ஆனாலும் சங்கிலி.

வட்டம் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. சுற்றுக்குச் சுற்று கண்ணிகளைக் கூட்ட வேண்டும். முதலில் அதிகமாகக் கூட்டிவிட்டாள். ஓரம் பொரித்த அப்பளம்போல் நெளிந்தது. பிரித்தாள். அடுத்த முறை கூட்ட மறந்தாள். அது கிண்ணமாகக் குவிந்தது. அதையும் பிரித்தாள். பிரித்துப் பிரித்து நூல் பழுப்பேறிவிட்டது. ஜாகிர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, அவள் மடியில் கிடந்ததைத் தூக்கிப் பார்ப்பான்.

"இது யாருக்கு, பொம்மைக்கா?"

"சும்மா இருங்க."

ஒரு சனிக்கிழமை வட்டம் தட்டையாக, சுருக்கமில்லாமல் பாயில் படிந்தது. ஜோசலின் தன்னுடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டின் பின்னலும் எதிரெதிர்த் திசையில் சுற்றின.

"என்னுது இப்படிப் போகுது, உங்களுது அப்படிப் போகுது. அழகாத்தான் இருக்கு," என்றாள். அம்மணியும் எட்டிப் பார்த்தாள். "நம்மளது இன்னும் நெளிஞ்சிகினே கீது," என்று தன் வட்டத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அதன்பின் புது நூல் வாங்கினாள் மெஹ்னாஸ். வீட்டில் ஜாகிர் தலையின் அளவுக்குச் சரியாக இருந்தது சின்ன குக்கர். அதைக் கவிழ்த்து வைத்து, அளந்து அளந்து போட்டாள். கண்ணி கூட்டுவதை நிறுத்தியதும் ஓரம் அழகாக மடங்கிக் கீழே இறங்கியது.

பெருநாள் காலையில், குளித்துவிட்டு வந்த கணவனிடம் நீட்டினாள். கொடுக்கும்போது மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"இடது கையால போட்டதுங்க. பரவாயில்லையா?"

ஜாகிர் தொப்பியை வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான். இறுக்கவும் இல்லை, நழுவவும் இல்லை. தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தான்.

"எனக்காகப் போட்ட கை. அதுல என்ன இடது, வலது?" என்றான். அதைக் கழற்றாமலே பள்ளிவாசலுக்குக் கிளம்பினான்.

தொழுகை முடிந்து திரும்பும்போது, படப்பையிலிருந்து பெருநாளுக்கு வந்திருந்த அவன் அண்ணன் ஜமாலும் கூட வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜாகிர் உரக்கச் சொன்னான்.

"மெஹ்னாஸ், தொப்பி அசையல. ஒரு தடவைகூட அசையல. பின்னாடி வரிசைக்காரர் எங்க வாங்கினதுன்னு கேக்கறாரு."

"என்ன சொன்னீங்க?"

"என் வீட்ல போட்டதுன்னேன்."

கூடம் நிறைய விருந்தாளிகள். தொப்பி கைக்குக் கை மாறியது. ஜமால் அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். அவனுக்கும் அதே குடும்பத் தலை. கச்சிதமாக உட்கார்ந்தது.

"இதை நான் எடுத்துக்கறேன்டா," என்றான் தம்பியிடம்.

"எடுத்துத்தான் பாருங்களேன்," என்று ஜாகிர் அதைப் பிடுங்கிக்கொண்டான். கூடமே சிரித்தது.

மெஹ்னாஸ் பிரியாணிக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு புது நூல்கண்டை எடுத்து வந்தாள்.

"உக்காருங்க மச்சான், அளவு எடுக்கறேன்," என்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இடது கையால் நூலை உருவி, ஜமாலின் தலையைச் சுற்றி அளந்தாள்.