மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் நடுவிலுள்ள சுவர்

பிப்ரவரி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு, டன்மோர் கிரீக் தொடக்கப் பள்ளியின் நான்காம் அறைக் கதவடியிலிருந்து டெலவேர் ஆறு வெளியே வந்தது. கணுக்கால் ஆழம்தான். பனிக்கட்டிகள் தட்டுத் தட்டாக மிதந்தன. ஆறு தாழ்வாரத்தில் இடப்பக்கம் திரும்பி மூன்றாம் அறைக்குள் புகுந்தது. அங்கே கரும்பலகை முன் நின்றிருந்த லோரீன் ஹாஸ்கெட்டின் புதுக் காலணிகளை நனைத்தது. நான்காம் அறையில் டெல்ஃபின் ஏக்கர்ஸ் தன் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஜெனரல் வாஷிங்டன் கிறிஸ்துமஸ் இரவில் படையோடு அந்த ஆற்றைக் கடந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பது ஐம்பதுக்குக் கதையில் கடைசிப் படகு அக்கரை சேர்ந்தது, தண்ணீரும் வடிந்தது. பள்ளியின் கொதிகலனையும் தரையையும் பார்த்துக்கொள்பவன் லோரீனின் கணவன் கிளேட்டன். துடைக்க வந்தவன் வாளியில் ஒரு மீனைப் பிடித்து, அன்று இரவு வெண்ணெயில் பொரித்தான். லோரீன் அதைத் தொடவில்லை.

லோரீன் இருபத்து நான்கு ஆண்டுகளாக அந்தப் பள்ளியில் முதல் வகுப்பு எடுத்துவந்தாள். பிப்ரவரியில் வாஷிங்டன், லிங்கன் பிறந்தநாட்கள் வந்தால் அவள் அறையில் கறுப்புத் தாளில் லிங்கனின் உயரத் தொப்பிகள் தயாராகும், பஞ்சை ஒட்டித் தாடிகள் தயாராகும். செர்ரி மரத்தை வெட்டிவிட்டுப் பொய் சொல்லாத சிறுவன் வாஷிங்டனின் கதையைச் சொல்லி, ஆளுக்கொரு துண்டு செர்ரிப் பழப் பலகாரம் கொடுப்பாள். அவளிடம் படித்த பிள்ளைகள் பதினாறு ஜனாதிபதிகளின் பெயரை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். ஊரில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. பிறகு ஓர் ஆகஸ்டு மாதம் கென்டக்கியிலிருந்து, ஜன்னல் கண்ணாடி உடைந்த காரில், இருபத்தாறு வயது டெல்ஃபின் வந்து சேர்ந்தாள். செப்டம்பரில் அவள் ஊர் ஊராக நடந்து ஆப்பிள் விதை தூவிய மனிதரைப் பற்றிச் சொன்னபோது கம்பளத்தின் நடுவே ஒரு மரம் முளைத்துக் காய்த்தது. பேருந்தில் எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரைப் பற்றிச் சொன்ன அன்று, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளிலிருந்து ஒருவரையும் கிளப்ப முடியவில்லை. தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தும் நாற்பது பவுண்டு எடையுள்ள ஒரு சிறுமியைத் தலைமையாசிரியர் பாஸ்ட்விக்கும் கிளேட்டனும் சேர்ந்து தூக்கப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். பெரிய மனிதர்கள் யாரும் நேரில் வரவில்லை. அவர்களுடைய மரமும் ஆறும் குளிரும் மட்டுமே வந்தன. வந்தது எதுவானாலும் கதை முடியும்வரை போகாது, அதுவரை உள்ளே இருப்பவர்களாலும் வெளியே வர முடியாது.

லோரீனுக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மே மாதம் பெற்றோர்கள் "எங்கள் பிள்ளையை மிஸ் ஏக்கர்ஸ் வகுப்பில் போடவும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதில் பாதிப் பேர் லோரீனிடமே படித்தவர்கள். அவள் டெல்ஃபினைப்போலத் தரையில் உட்கார்ந்து பார்த்தாள், முழங்கால் வலித்ததுதான் மிச்சம். டெல்ஃபினின் பச்சைக் கம்பளிச் சட்டை மாதிரியே ஒன்று வாங்கி அணிந்தாள். கடைசியில் டெல்ஃபினின் மேசையிலிருந்து வாஷிங்டன் கதைப் புத்தகத்தையே எடுத்துவந்து, ஒரு வரி விடாமல் தன் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாள். லோரீனின் கம்பளத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. புத்தகம் காணாமல்போனதால் பக்கத்து அறையில் டெல்ஃபின் வாயாலேயே கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றும் ஆறு அங்கிருந்துதான் வந்தது.

சுவர் சூடாவதை முதலில் கண்டுபிடித்தது கிளேட்டன். இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள அந்தச் சுவருக்குள் ஒரு குழாய்கூட ஓடவில்லை. ஆனாலும் லோரீன் அலமாரியில் சுவரை ஒட்டி வைத்திருந்த மெழுகு வண்ணக்குச்சிகள் உருகி ஒரே கட்டியாகிப்போயின. அந்தப் பக்கம் டெல்ஃபின் வேலி ஃபோர்ஜ் முகாமின் கதையைச் சொல்லும் நாளில், வாஷிங்டனின் படைவீரர்கள் காலில் கந்தல் சுற்றிக்கொண்டு கிடந்த அந்தக் குளிர்காலம் அப்படியே அறைக்குள் வந்துவிடும். முழங்கால் அளவு பனி பெய்யும். பிள்ளைகள் வரிசையாக முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு சுகமாகக் கதை கேட்பார்கள். கிளேட்டன் கொதிகலன் வெப்பமானியைக் கொண்டுவந்து இரண்டு வாரம் அளந்தான். சனி ஞாயிறுகளில் சுவர் சில்லென்று இருந்தது. லோரீன் பல்வலிக்கு விடுப்பு எடுத்த புதன்கிழமையும் அப்படியே.

"லோரீன், அந்தச் சுவர் உன்னாலதான் சூடாகுது," என்று சாப்பாட்டு மேசையில் சொன்னான்.

"எனக்கென்ன, நான் அடுப்பா?"

"அவ வகுப்புல சிரிப்புச் சத்தம் கேட்டா ரெண்டு டிகிரி ஏறுது. போன வெள்ளிக்கிழம அவளுக்கு யாரோ பூ அனுப்பினாங்களே, அன்னைக்கு எட்டு டிகிரி. நானே பக்கத்துல நின்னு பார்த்தேன்."

"பார்ப்ப, பார்ப்ப. எப்பப் பார்த்தாலும் அவ அறையிலயே நிக்கிற, என் அறைய எப்ப வந்து பார்த்த?" என்றாள் லோரீன். அன்று இரவு ஹாஸ்கெட் வீட்டில் கணப்பு மூட்டத் தேவைப்படவில்லை.

மூன்றாம் ஆண்டு ஊரில் பிள்ளைகள் குறைந்துபோனார்கள். இலையுதிர் காலத்திலிருந்து முதல் வகுப்பு ஒன்றுதான், ஆசிரியையும் ஒருத்திதான் என்று பள்ளிக் குழு அறிவித்தது. லோரீனுக்கு ஆறு வயதுப் பிள்ளைகளைத் தவிர வேறு உலகம் கிடையாது. அவள் குழுவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினாள். நான்காம் அறையில் நடப்பவை கட்டடத்துக்குக் கேடு, பிள்ளைகளுக்கும் ஆபத்து, அனுபவசாலியை வைத்துக்கொள்வதே முறை என்று எழுதினாள். எழுதியவள் முதல் வகுப்பு ஆசிரியை அல்லவா, கை பழக்கத்தை விடவில்லை. கோடு போட்ட தாளில், ஒவ்வோர் எழுத்தும் கோட்டில் உட்கார்ந்து, சொல்லுக்குச் சொல் ஒரு விரல் இடைவெளியோடு அச்சாக அமைந்துவிட்டது. குழுவின் ஐந்து பேரில் நான்கு பேர் அந்தக் கையிடம் எழுதப் படித்தவர்கள். பார்த்ததும் தெரிந்துகொண்டார்கள். தெரிந்தும், அந்தக் கையெழுத்து ஒன்றைச் சொல்லும்போது மீறுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வகுப்பு லோரீனுக்கே என்று முடிவாயிற்று.

அந்தப் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆசிரியர் அறையில் பாஸ்ட்விக் அவளுக்கு அதைச் சொல்லி ஒரு சின்ன கேக்கையும் வெட்டினார். லோரீன் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்கு வந்தாள். நெஞ்சுக்குள் இரண்டரை வருடமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போயிருந்தது. தன் பிள்ளைகளுக்குத் தொப்பி வெட்டக் கற்றுக்கொடுத்தபடி, பக்கத்து அறைப் பெண்ணை நினைத்து, பாவம், சின்னப் பெண், வேறு எங்காவது நல்ல வேலை கிடைக்கட்டும் என்று மனமார நினைத்தாள். பத்து மணிக்குச் சுவரில் யாரோ தட்டினார்கள்.

"மிஸஸ் ஹாஸ்கெட்! சுவர் ஆறிப்போச்சு!" டெல்ஃபினின் குரல்.

"என்னது?"

"சுவரு! பனிக்கட்டி மாதிரி இருக்கு. நாங்க வேலி ஃபோர்ஜ்ல இருக்கோம், பிள்ளைங்களுக்கு உதடெல்லாம் நீலமாயிடுச்சு. உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கதைய சுருக்கிச் சொல்லி முடிச்சுத் தொல, டெல்ஃபின்!"

"சுருக்கிப் பார்த்தேன். கதை திரும்ப டிசம்பருக்கே போயிடுச்சு!"

பிறகு டான்சி என்ற சிறுமியின் குரல் கேட்டது. பல் கிட்டித்துச் சொல் உடைந்து உடைந்து வந்தது. "மிஸஸ் ஹாஸ்கெட், நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா?"

லோரீன் இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் வைத்துப் பொறாமைப்பட முயன்றாள். ஆற்றை நினைத்தாள். பெற்றோர் கொடுத்த சீட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்தாள். பச்சைக் கம்பளிச் சட்டையில் தன்னைவிட அவள் எவ்வளவு எடுப்பாக இருக்கிறாள் என்பதைக்கூட நினைத்தாள். ஒன்றும் ஏறவில்லை. தோற்றுப்போனவளைப் பார்த்து எப்படிப் பொறாமைப்படுவது? தாழ்வாரத்தில் கிளேட்டன் நான்காம் அறைக் கதவைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தான், கதவு சுவரில் வரைந்த படம்போல அசையாமல் நின்றது. லோரீன் அவனைக் கடந்து தலைமையாசிரியர் அறைக்கு ஓடினாள். இருபத்தாறு ஆண்டுகளில் அந்தத் தாழ்வாரத்தில் அவள் ஓடியதில்லை. ஓடிய பிள்ளைகளை நிற்கவைத்திருக்கிறாள்.

"முதல் வகுப்ப அவளுக்கே கொடுத்துருங்க," என்றாள்.

"இப்பதானே கேக் வெட்டினோம்?" என்றார் பாஸ்ட்விக்.

"அந்த மொட்டைக் கடிதம் நான் எழுதினது."

"அது எல்லாருக்கும் தெரியுமே, மிஸஸ் ஹாஸ்கெட்."

"அப்ப எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வாயால சொன்னா பத்தாது, எனக்கே நம்பிக்கை வரல. அவளுக்குத்தான், எப்பவும் அவளுக்குத்தான்னு எழுதுங்க."

அவர் எழுதினார், குழுத் தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னார், அவரும் லோரீனும் கையெழுத்துப் போட்டார்கள். தாளை வாங்கிக்கொண்டு லோரீன் நடந்தாள். குடிதண்ணீர்க் குழாய்வரை அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அங்கே நின்று ஒரு வாய் குடிக்கும்போதுதான், இனி ஒவ்வொரு ஆண்டும் அந்த ஊரின் ஆறு வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும், புதுப் பையும் முன்பல் விழுந்த வாயுமாக, அவள் கதவைத் தாண்டி அடுத்த கதவுக்குள் போவார்கள் என்பது உறைத்தது. அறைக்குத் திரும்பி அவள் கை வைப்பதற்கு முன்பே சுவரின் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அந்தப் பக்கம் பனி தொப்பென்று சரிந்து விழுந்தது, பதினான்கு பிள்ளைகள் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். முகாமுக்கு வசந்தம் வர இன்னும் நாற்பது நிமிடம் பிடித்தது. டெல்ஃபின் இந்தத் தடவை ஒரு வாரத்தைக்கூட விட்டுவிடாமல் சொன்னாள். லோரீன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டாள். டெல்ஃபின் நன்றாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை, லோரீன் அழுதாள்.

செப்டம்பரிலிருந்து மூன்றாம் அறை வாசிப்பு அறையாயிற்று. எழுத்துக்கூட்டத் திணறும் மூன்று நான்கு பிள்ளைகளுக்கு லோரீன் அங்கே பாடம் சொன்னாள். வேறு பள்ளியில் நல்ல இடம் இருக்கிறது என்று பாஸ்ட்விக் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், அவள் போகவில்லை. ஆண்டுகள் போனால் ஆறிவிடும் என்று ஊரார் நினைத்தார்கள். ஒரு டிகிரி குறையவில்லை. கிளேட்டன் கணப்புப் பட்டியலில் அந்தச் சுவரையும் ஓர் எண் போட்டுச் சேர்த்துக்கொண்டான். டெல்ஃபினும் விவரமானவள். வேலி ஃபோர்ஜ் பாடம் நடத்தும் செவ்வாய்க்கிழமை காலையில், காபிக் கோப்பையோடு மூன்றாம் அறை வாசலில் வந்து நிற்பாள். "இந்த வருஷம் மாதிரி பிள்ளைங்க எனக்கு அமைஞ்சதே இல்ல, மிஸஸ் ஹாஸ்கெட். நேத்து ஒருத்தன் என் கழுத்தக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகமாட்டேன்னுட்டான்," என்பாள். "போதும், போதும், போய்ப் பாடத்த ஆரம்பி," என்பாள் லோரீன், முகம் சிவந்து. அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஆறாம் ஆண்டு பிப்ரவரி முடிவில், அமெரிக்காவின் முக்கியமானவர் ஒருவரை வரைந்து வாருங்கள் என்று டெல்ஃபின் சொன்னாள். நான்கு வாஷிங்டன், ஐந்து லிங்கன், பேருந்தோடு இரண்டு ரோசா பார்க்ஸ் வந்தன. டான்சியின் தம்பி மட்டும் ஒரு பழுப்புச் சுவரை வரைந்து, அதில் முதுகு சாய்த்த பிள்ளைகளை வரைந்து, கீழே "மிஸஸ் ஹாஸ்கெட்" என்று எழுதியிருந்தான். டெல்ஃபின் அதையும் லிங்கனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு லோரீனை அழைத்துவந்து காட்டினாள். லோரீன் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், நன்றி என்றும் சொன்னாள். தன் அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, அந்தப் படம் இருப்பது சுவருக்கு அந்தப் பக்கம், டெல்ஃபினின் அறையில் என்பது நினைவுக்கு வந்தது. இடைவேளை முடிந்து நான்காம் அறைக்குள் வந்த பிள்ளைகள் ஈரக் கையுறைகளைச் சுவரடியில் வரிசையாக வைத்தார்கள், கால் மணி நேரத்தில் எல்லாம் காய்ந்துவிட்டன.