கறிவேப்பிலைக்குப் போன கேபிள்

துடியலூருக்கு மேற்கே, பஸ் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, திருமூர்த்தியின் தென்னந்தோப்பை ஒட்டினாற்போல் நரசிம்மலுவின் வீடு. பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன மனிதர். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் ஹாம் ரேடியோ. அரசாங்கத்திடம் லைசன்ஸ் வாங்கிக்கொண்டு செய்கிற கெட்ட பழக்கம் என்பதால் அவர் மனைவி வரலட்சுமியாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. காலையில் காப்பி குடித்த கையோடு செட்டின் முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவரை வானலையில் பிடித்துச் சௌக்கியமா என்று கேட்பார். அவர் சௌக்கியம் என்பார். அன்றைய பொழுது நரசிம்மலுவுக்கு நிறைந்துவிடும்.

வீட்டு மனை சிறியது. ஏரியல் கட்ட இடமில்லை. திருமூர்த்திதான் பெருந்தன்மையாகத் தோப்பின் நடுவில் இருந்த நெட்டை மரத்தைக் காட்டி, "அதுல கட்டிக்குங்" என்றார். கட்டிய மாதமே அந்த மரத்துக் குணம் மாறிப்போனது. இளநீரைச் சீவிக் காதில் வைத்தால் உள்ளே ரஷ்யாக்காரன் செய்தி வாசித்தான். நம்பாதவர்கள் உண்டு. அவர்கள் அந்த மரத்து இளநீரைக் குடித்தவர்கள் அல்ல.

ஏரியலால் தொந்தரவில்லை. அதிலிருந்து வீட்டுக்கு மரத்துக்கு மரம் தொங்கிக்கொண்டு வந்த கேபிளால்தான் தொந்தரவு. மட்டை விழுந்து ஒரு தடவை அறுந்தது. மாடு கொம்பில் மாட்டிக்கொண்டு ஒரு தடவை இழுத்துப் போனது. கடைசியாக, தலையில் புல்லுக்கட்டோடு வந்த திருமூர்த்தியின் மனைவி தெய்வாத்தாளின் கழுத்திலேயே மாட்டியது.

"ஏனுங்ண்ணா, இது ஒண்ணு மண்ணுக்குள்ள போகோணும், இல்லாட்டி உங்கூட்டுக்குப் போகோணும்" என்றார் தெய்வாத்தாள். "தோண்டறதும் ஒருக்காத்தானுங். பொழுதன்னைக்கும் கடப்பாரையைப் போட்டா தென்னை வேரு என்னத்துக்காகும்? ரெண்டாந்தடவை குழி பறிச்சீங்கன்னா, ஏரியலை அவுத்து உங்க வாசல்ல வெச்சுப்போடுவனுங்."

மரியாதையாகத்தான் சொன்னார். எங்கள் சீமையில் ஒருவர் கழுத்தை அறுப்பதானாலும், "அறுத்துப்போடட்டுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள்.

நரசிம்மலு ஏர் முனை எட்டாத ஆழத்துக்குத் தோண்டினார். அடியில் மணல் பரப்பி, மண்ணில் நேராகப் புதைக்கிற ரகமாக விரல் பருமன் கறுப்புக் கேபிள் வாங்கி இழுத்து, மேலே மறுபடி மணல் போட்டுச் செங்கல் அடுக்கி மூடினார். மோட்டார் ரூமை ஒட்டிப் போய் நெட்டை மரத்தடியில் மேலே ஏறுகிற மாதிரி வழி. ஏறுகிற இடத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வளையம் கேபிளை உபரியாகச் சுருட்டி மண்ணுக்குக் கொஞ்சம் கீழே விட்டு வைத்தார். அன்று சாயங்காலம் செட்டைப் போட்டபோது உலகமே பக்கத்து வீட்டில் குடியிருந்தது.

ஒரு வாரம் போனது. ஒருநாள் காலையில் செட்டைப் போட்டால் பேச்சு மூச்சில்லை. அனுப்பிய பவர் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. செட்டை மாற்றிப் பார்த்தார், பிளக்கைக் கழற்றித் துடைத்தார், ஒன்றும் ஆகவில்லை.

"செட்டு வேலை செய்யலேன்னா சொல்லுங்க. அந்த மேஜையில கிரைண்டரை வெச்சுக்கறேன்" என்றார் வரலட்சுமி.

கேபிளில் எவ்வளவு தூரத்தில் கோளாறு என்று காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. அது தோப்பின் அந்தக் கோடியை, நெட்டை மரத்தடியைக் காட்டியது. மண்ணுக்குள்தான் பழுது. தோண்டாமல் தீராது. தோண்டினால் ஏரியல் வாசலுக்கு வந்துவிடும். திருமூர்த்தியைத் தூதுவிடலாம் என்றால் அவர் விடிகாலையிலேயே பொள்ளாச்சிச் சந்தைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

வேறு வழியில்லாமல் நரசிம்மலு தோப்புக்குள் போனார். மரத்தடியில் தெய்வாத்தாள் நின்றிருந்தார். எதிரில் புதிதாக நட்ட கறிவேப்பிலைக் கன்று, சுற்றிலும் தேங்காய் மட்டை போட்டு மூடியிருந்தது. முகம் சுண்டிப்போயிருந்தது, கன்றுக்கும் அவருக்கும்.

"ஏனுங்ண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். எங்கூட்டுக்காரருக்குத் தெரியப்படாது."

"சொல்லுங்கம்மணி."

"இந்த ட்யூபுல தண்ணி வர்றதில்லீங்."

"எந்த ட்யூபுலீங்?"

தெய்வாத்தாள் காலால் மட்டையை ஒதுக்கினார். நரசிம்மலுவின் உபரி வளையத்தில், சொட்டுநீர்க் குழாயில் செருகுகிற டிரிப்பர் ஒன்று லட்சணமாகச் செருகியிருந்தது. அதன் மூக்கு கன்றின் வேரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

நரசிம்மலு குனிந்து பார்த்தார். இடி விழுந்த கேபிளைப் பார்த்திருக்கிறார், எலி கடித்ததைப் பார்த்திருக்கிறார். விவசாயத்துக்குப் போன கேபிளை அன்றுதான் பார்த்தார்.

"நல்ல சாமானாத்தான் வாங்கிப் போட்டிருக்கீங்" என்றார் தெய்வாத்தாள். "துளை போடற ஊசி லேசுல எறங்கலீங்ண்ணா. உள்ளுக்குள்ள கம்பி வலையெல்லாம் இருக்குது. குத்தறதுக்குள்ள கை நொந்துபோச்சு."

"ட்யூபுன்னு யாரு சொன்னாங்கம்மணி?"

"எங்கூட்டுக்காரர்தானுங். கேபிள் குழியிலயே நம்ம தோப்புக்கும் ஒரு ட்யூபு சேத்திப் போட்டுத் தர்றாருன்னு சொன்னாரு. அதுக்குத்தான நான் தோண்டவே உட்டேன். கன்னு நடக் குழி பறிக்கையில இது ஆப்பட்டுது."

சம்மதம் எப்படிக் கிடைத்தது என்று நரசிம்மலுவுக்கு அப்போதுதான் விளங்கியது. உண்மையைச் சொன்னால் சம்மதம் போச்சு, ஏரியலும் போச்சு, பொள்ளாச்சியில் மாட்டுப் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிற திருமூர்த்தியும் போச்சு. சொல்லாவிட்டால் கேபிள் கறிவேப்பிலைக்கு எழுதி வைத்ததுதான்.

வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் தெய்வாத்தாளின் குரல் இறங்கிவிட்டது.

"போர் கெணறு வத்திப்போச்சுங்களாண்ணா?"

"ஏனம்மணி அப்படிக் கேக்கறீங்?"

"மழை பேஞ்சதுல கொஞ்ச நாளா மோட்டாரே போடலீங். தொட்டி வால்வை மூடிப்போட்டு இந்தக் கன்னுக்குன்னு போட்டுப் பாத்தா சொட்டுத் தண்ணி இல்ல. தண்ணியில்லாம ஓடுனா மோட்டார் காயில் போயிருமேன்னு ஒடனே நிறுத்திப்போட்டேன். மறுக்காலும் போட்டேன், அப்படியேதான். அவருகிட்டச் சொன்னா நாளைக்கே போர் வண்டியக் கூட்டியாந்து, கறவை மாட்டை வித்துப்போடுவாரு. மாரியாத்தாளுக்குக் காசு முடிஞ்சு வெச்சுட்டு, சோறு எறங்காம திரியறனுங்."

நரசிம்மலு ஒரு தடவை நெட்டை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். ஏரியல் காற்றில் மெதுவாக ஆடியது.

"அம்மணி, இதுல தண்ணி வராதுங். இது ட்யூபே இல்ல. எம்பட கேபிள்."

"அப்ப எங்க ட்யூபு?"

"போடவே இல்லீங்."

நரசிம்மலு மனசுக்குள் ஏரியலை அவிழ்க்கத் தொடங்கினார். கயிற்றை அவிழ்த்து, கம்பியைச் சுருட்டி, மேஜையில் கிரைண்டரைக்கூட வைத்தாகிவிட்டது.

"அப்படின்னா போர்ல தண்ணி இருக்குதுங்களா?" என்றார் தெய்வாத்தாள்.

"தொட்டிப் பக்கம் வால்வைத் திருப்பி உட்டுப்போட்டு மோட்டாரைப் போடுங். நானும் வாரேன்."

மோட்டார் உறுமியது. குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, செம்மண் கலரில் கொஞ்சம் கக்கியது. தெய்வாத்தாளின் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. பிறகு தண்ணீர் வந்தது பாருங்கள், அந்த அடியில் தொட்டியில் கிடந்த தவளை ஒன்று மேலே கிளம்பிப் பக்கத்துத் தோட்டத்தில் போய் இறங்கியது. அது திரும்பி வரவேயில்லை. அங்கேயே குடும்பமாகிவிட்டது என்று கேள்வி.

தெய்வாத்தாள் தொட்டித் திட்டில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டார். முகத்தில் இரண்டு கை அள்ளி அடித்துக்கொண்டார். அதில் எது தொட்டித் தண்ணீர், எது கண்ணீர் என்று நரசிம்மலு பார்க்கவில்லை. பிறகு எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு, மோட்டார் ரூமுக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தார்.

"எவ்வளவு தூரத்துக்குத் தோண்டோணுங்?" என்று கேட்டார் தெய்வாத்தாள்.

"கொஞ்சந்தானுங்கம்மணி. வளையம் வெளிய வந்தாப் போதும்" என்று கடப்பாரையை வாங்கிக்கொண்டு போய் மரத்தடியில் இரண்டு குத்துக் குத்தினார் நரசிம்மலு.

"கன்னை நான் அக்கட்டால நட்டுக்கறேன். நீங்க நகருங், உங்களுக்குக் கடப்பாரை புடிக்கத் தெரியல."

டிரிப்பர் குத்திய துண்டை வெட்டிவிட்டு, இரண்டு முனையையும் பிளக் போட்டுச் சேர்த்து, ஈரம் புகாதபடி ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார் நரசிம்மலு. அந்த நேரம் பார்த்துத் திருமூர்த்தி பஸ் இறங்கி வந்தார். மனைவி கையில் கடப்பாரையைப் பார்த்ததும் தோப்பு வாசல் படலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"என்னம்மணி பண்றே?"

"நீங்க போட்டுத் தந்த ட்யூபைத் தேடறனுங். எவ்வளவு தோண்டியும் ஆப்படல."

திருமூர்த்தி நரசிம்மலுவைப் பார்த்தார். நரசிம்மலு ரப்பர் டேப்பைப் பார்த்தார்.

"கடை சாத்தறதுக்குள்ள போயி வாங்கியாந்தர்றேன்" என்று திருமூர்த்தி அப்படியே திரும்பினார்.

"போரும் நல்லாருக்குது, மாடும் நல்லாருக்குது. பதறாமப் போயிட்டு வாங்" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார் தெய்வாத்தாள். எதற்காக மாட்டை இழுக்கிறாள் என்று திருமூர்த்திக்குப் புரியவில்லை. கேட்கிற நிலைமையிலும் அவர் இல்லை.

குழியைத் தெய்வாத்தாளே மூடினார். மேல் மண்ணைக் காலால் மிதித்துக்கொண்டே, "இன்னொருக்காத் தோண்டோணும்னாலும் கூச்சப்படாமத் தோண்டுங்ண்ணா. ஒரு குரல் குடுத்துப்போட்டுத் தோண்டுங்" என்றார்.

நரசிம்மலு கை மண்ணைக்கூடக் கழுவாமல் வீட்டுக்குள் ஓடிச் செட்டைப் போட்டார். கொப்பரையில் எண்ணெய் காய்கிற மாதிரி இரைச்சல் எழும்பி அறையை நிறைத்தது. அதற்குள்ளிருந்து யாரோ ஒருவர், எந்த ஊர்க்காரரோ, யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இருக்கிறேன் என்றார் நரசிம்மலு.