கனகசிங்கத்தின் வாக்குமூலம்

மாதத்தின் முதல் சனிக்கிழமை அலுவலகத்துச் சேர்வர் கணினிக்குப் பராமரிப்பு நாள். மழைக்காலம் முடிந்து மின்சாரமும் ஒழுங்காக வரத்தொடங்கியிருந்ததால், ஐந்து மாதமாகத் தள்ளிப்போட்டிருந்த தரவுச் சரிபார்ப்பையும் சுதாகரன் அன்று சேர்த்துக்கொண்டான். காலை ஒன்பது மணிக்குக் கட்டளையைக் கொடுத்துவிட்டு, வாவிப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்துத் தேத்தண்ணீரோடு உட்கார்ந்தான். பத்து வருடமாகப் பார்க்கும் வேலை. இதில் புதிதாக என்ன வந்துவிடப்போகிறது என்ற நினைப்பு.

பன்னிரண்டு மணிக்குத் திரையில் சிவப்பு வரிகள் விழுந்தன. எண்ணினான், நாற்பத்தாறு. தரவுத்தளத்தின் சில பக்கங்கள் சிதைந்துவிட்டன, வாசிக்க முடியவில்லை என்று ஒவ்வொரு வரியும் ஒரே பாட்டைப் பாடியது.

வாகரையிலிருந்து பெரியகல்லாறு வரை, யுத்த காலத்தில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டுபோனதைக் கண்ணால் கண்டவர்கள் வந்து சொன்ன வாக்குமூலங்கள் தொள்ளாயிரத்துச் சொச்சம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. அவற்றைச் சேகரித்த அந்தச் சிறிய அமைப்பில் ஒரு வழக்கம். சொல்லச்சொல்ல எழுதுவது, கணினியில் ஏற்றுவது, பிறகு கடதாசியைப் பின்வளவில் எரித்துவிடுவது. பிரதி எவர் வீட்டிலும் இருக்கக்கூடாது, வெளியூர்க் கணினிக்கும் போகக்கூடாது. விசாரிக்க வந்தவர்கள் கடதாசிகளைத் தூக்கிப்போய், அதில் பெயர் இருந்தவர்களின் படலையைத் தட்டிய காலத்தில் பொறுப்பாளர் பிரடெரிக் போட்ட சட்டம் அது. அன்றைக்கு அது பல உயிர்களைக் காத்தது, பொய்யில்லை. காலம் மாறியும் பயம் மாறவில்லை, அதனால் சட்டமும் மாறவில்லை.

அதே அறையின் அலமாரியில் பதினான்கு காப்புப் பிரதிகள் இருந்தன. சுதாகரன் ஒவ்வொன்றாக மீட்டுப் பார்த்தான். பதினான்கிலும் அதே இடத்தில் அதே ஓட்டை. மார்கழி வெள்ளத்தில் மின்சாரம் போய்ப்போய் வந்தபோது எங்கோ எழுத்து நடுவில் அறுந்திருக்கிறது. சரிபார்ப்பு முடிய மூன்று மணித்தியாலம் எடுக்கிறது, அதற்குள் மின்சாரம் நின்றுவிடுகிறது என்று சலித்து அதை நிறுத்தியவன் அவனே. இடம் போதாதென்று பழைய நல்ல பிரதிகளை அழித்தவனும் அவனே. வெள்ளத்திலிருந்து இன்றுவரை சிதைந்ததையே ஒழுங்காகப் பிரதி எடுத்திருக்கிறான், மடையன்.

தரவுத்தளக் கோப்பை வேறாக எடுத்துவைத்துக்கொண்டு உள்ளே எழுத்தெழுத்தாகத் தேடினான். வாக்குமூலம் இருக்கவேண்டிய இடங்களில் வெறும் பூச்சியங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போயிற்று. பழுதான பக்கங்களைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றவா என்று இயந்திரம் கேட்டது. வேறு வழியில்லாமல் சம்மதம் கொடுத்தான்.

பதினொரு வாக்குமூலங்கள் போயின. பெயரும் ஊரும் திகதியும் வேறு அட்டவணையில் தப்பியிருந்தன. பத்துப் பேர் உயிரோடிருக்கிறார்கள், திரும்பக் கேட்கலாம். பதினோராவது ஆள் வவுணதீவுக் கனகசிங்கம். மகன் சிவதர்ஷனைக் கொண்டுபோனதைக் கண்ட ஒரே ஆள்; போன வருடம் செத்துவிட்டார். மகன் காணாமற்போனது பற்றிய விசாரணை வருகிற புதன்கிழமை. எழுதியவர் என்ற இடத்தில் சுதாகரனின் பெயரே இருந்தது.

திங்கட்கிழமை காலை கனகசிங்கத்தின் மனைவி கண்ணகை வந்தாள்.

"என்ன தம்பி, அவர்ர கடதாசிய எடுத்து வச்சிட்டீங்களா?"

சுதாகரன் பூசி மெழுகவில்லை. "கம்பியூட்டர் பழுதாப் போச்சு அம்மா. அவரு சொன்னது அழிஞ்சு போச்சு. பிழை என்னிலதான்."

அவள் கத்துவாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான்; தூற்றினால் நல்லது என்றுகூட இருந்தது. கண்ணகை கதிரையை இழுத்து அவனுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"விசாரணைக்காரர் என்னத்தையும் சொல்லட்டும். நீங்க எனக்குச் சொல்லுங்க மனே."

"என்னத்த அம்மா?"

"அவரு கண்டதை. நான் அண்டைக்கு ஆசுபத்திரியில கிடந்தன். அதுக்குப் பிறகு ஒரு நாளும் அவரு எனக்குச் சொல்லல்ல. கேட்டா, 'அங்க சொல்லிப்போட்டன், அங்க இரிக்கு, என்ன விடு' எண்டுதான் சொல்லுவாரு. சாகக்குள்ளயும் அதைத்தான் சொன்னவரு. இண்டைக்கு வாசிச்சுக் கேக்கலாமெண்டுதான் வந்த நான். நீங்கதானே பக்கத்தில இரிந்து எழுதினீங்க?"

சுதாகரன் நினைவைக் கிளறினான். கனகசிங்கம் வந்து சொன்ன அந்த மாதம் மட்டும் அறுபது பேர் சொன்னதை எழுதியிருந்தான். வாகனம், டோர்ச் வெளிச்சம், பின்னால் கட்டிய கை, காலைக் கட்டிக்கொண்டு கதறிய தங்கை, எல்லாம் வந்தது. எது யாருடையது என்றுதான் வரவில்லை. கனகசிங்கம் இடையில் மூச்சுவாங்கி, மின்விசிறியை நிறுத்தச் சொன்னது மட்டும் நினைவிருந்தது. வேறு யாருடையதையாவது எடுத்துச் சொன்னாலும் இவள் நம்புவாள். அது நாக்கு நுனிவரை வந்தது. தன்னை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"எனக்கு நினைவில்ல அம்மா."

அவள் அதை நம்பவில்லை. தன்மேல் இரக்கப்பட்டு மறைக்கிறான் என்று நினைத்தாள். மேசையில் இருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சாங்க எண்டாலும் சொல்லுங்க மனே, நான் தாங்குவன். வேற ஒண்டும் வேணாம். கொண்டுபோகக்குள்ள புள்ள என்னக் கூப்பிட்டவனா? அத மட்டும் சொல்லுங்க."

சுதாகரனுக்குத் தெரியாது.