கணப்புக்கு மேல் காலியிடம்

எங்கள் வீட்டுக் கணப்புக்கு மேலே பெரிய இரும்பு ஆணி ஒன்று உண்டு. மலைக்கிடாவின் தலையை மாட்டுவதற்காக, வீடு கட்டும்போதே என் தகப்பனார் அடித்தது. சுருண்ட கொம்புகளோடு கிடாத் தலை ஒன்று சுவரில் இல்லாத குடும்பத்தை எங்கள் பள்ளத்தாக்கில் நேற்று வந்தவர்களாகத்தான் நினைப்பார்கள். நாங்கள் நேற்று வந்தவர்கள் அல்ல. ஆனால் வேட்டை அனுமதியைக் குலுக்கல் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். தகப்பனார் பெயரும் விழவில்லை, என் பெயரும் விழவில்லை.

அடுத்த பண்ணைக்காரன் டட்லி பிரெஸ்காட் வீட்டில் தலை இருக்கிறது. அதன் கொம்பு எத்தனை அங்குலம் என்று கேட்காமலே சொல்வான். அவன் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றிக்கொண்டே சுவரைப் பார்ப்பான்.

"ஆணி நல்லாயிருக்கு ஆர்னே. துருவே பிடிக்கல," என்பான்.

இந்த ஆண்டு அனுமதி விழுந்தது. எனக்கு அல்ல, என் மகன் கார்லுக்கும் அல்ல, மருமகள் மார்லிஸுக்கு. அவள் விண்ணப்பித்ததே முதல் தடவை. விறகு வெட்டப் போகலாமா என்று கேட்பதைப் போல, "மாமா, எனக்குக் கிடா விழுந்திருக்கு, போலாமா?" என்று கேட்டாள். சுடும் உரிமை அவளுக்கு மட்டும். நடத்திச் செல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அவளும் எங்கள் ஹல்வோர்சன் குடும்பம்தானே.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏறினோம், வெறுங்கையோடு இறங்கினோம். பருவத்தின் கடைசி நாளும் வந்தது. அன்று கிடாவோடு வண்டியருகே நின்று படம் எடுப்போம் என்ற நம்பிக்கையில், முந்தின நாளே என் கறுப்பு பிக்கப் வண்டிக்கு மெழுகு போட்டுத் தேய்த்திருந்தேன். பனிக்காக உப்புத் தூவிய சாலையில் வந்ததால் சக்கரமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. மலையடிவாரத்தில் நிறுத்தியதும், படத்தில் விழப்போகிற பக்கத்துக் கதவை மட்டும் மறுபடி துடைத்தேன். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் போல மின்னியது.

மார்லிஸ் சாலையோரத்தில் குனிந்து எதையோ பார்த்தாள்.

"மாமா, குளம்புத் தடமா இருக்கு. உப்பு நக்க வருது போல. இந்தப் புதர்கிட்டயே உக்காரலாமே."

"ரோட்டோரம் உக்காந்து வேட்டையாட நாம என்ன பிரெஸ்காட்டா? ஆடு எப்பவும் கீழதான் பாக்கும். அதுக்கு மேல ஏறி நின்னு பாக்கணும். இது எங்க அப்பா வழக்கம்."

"சரி மாமா," என்றாள். அவள் 'சரி மாமா' என்று சொல்கிற விதம் எனக்குப் பிடிப்பதில்லை.

ஏறினோம். உச்சிப் பாறையில் காற்றைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிய லெஃப்சே ரொட்டியைத் தின்றுகொண்டே கார்ல் பைனாகுலரால் பள்ளத்தாக்கைத் துழாவினான். மெல்லுவதை நிறுத்தினான்.

"அப்பா. கிடா. கொம்பு முழுச் சுத்து வந்திருக்கு."

"எங்கடா?"

"சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"நம்ம வண்டி டயர நக்கிட்டு இருக்கு."

மார்லிஸ் கழுத்துத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. குளிர் என்று எடுத்துக்கொண்டேன்.

அவசரமாக இறங்கத் தொடங்கினோம். பாதி வழியில் கீழிருந்து டமார் என்று ஒரு சத்தம் வந்தது.

"யாரோ சுடுறாங்க," என்றேன்.

கார்ல் பைனாகுலரை எடுத்தான். "இல்லப்பா. கதவுல இன்னொரு கிடா தெரியுது போல. சண்டைக்குப் போயிருச்சு."

அது பெட்டைகளுக்காகக் கிடாக்கள் முட்டிக்கொள்ளும் மாதம். என் கதவில் தெரிந்த கிடா வாட்டசாட்டமானதாகவும், கண்ணோடு கண் பார்ப்பதாகவும் இருந்திருக்க வேண்டும். மறுபடி டமார். ஒவ்வொரு சத்தத்துக்கும் என் பல் கூசியது.

நாங்கள் புதரருகே வந்தபோது சாலையில் இன்னொரு வண்டி நின்றிருந்தது. பிரெஸ்காட். கண்ணாடியை இறக்கிவிட்டு, பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

"வா ஆர்னே. உன் வண்டிதான் கொஞ்சம் முன்னிலைல இருக்கு."

மார்லிஸ் படுத்துத் துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். உடனே இறக்கினாள். "ரோட்டுல நிக்குது மாமா. சுடக் கூடாது."

"வண்டிய நகத்தி ஓரமா ஓட்டி விடலாமாப்பா?" என்றான் கார்ல்.

"வண்டி வச்சு ஆட்டை விரட்டினா குத்தம். நான் சாட்சி," என்றான் பிரெஸ்காட், காபிக் கோப்பைக்கு மேலிருந்து.

எனவே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு மனிதனின் வண்டியை ஒரு மிருகம் இடிப்பதை அவன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, முதுகு வளையாமல் நின்று பார்ப்பது சுலபமல்ல. பக்கக் கண்ணாடி விழுந்தது. கைப்பிடி விழுந்தது. கடைசியில் கதவு முழுக்க நசுங்கி, உள்ளே இருந்த கிடா மறைந்துவிட்டது. எங்கள் கிடா தலையை ஆட்டிப் பார்த்தது. சாலையை விட்டு இறங்கிச் சரிவில் கொஞ்சம் நடந்து, மூச்சு வாங்க உட்கார்ந்தது. பக்கவாட்டில், இருபது தப்படித் தூரத்தில், சட்டப்படி சுடலாம் என்கிற இடத்தில். வெளிச்சமும் இன்னும் இருந்தது.

மார்லிஸ் குறி பார்த்தாள். பிரெஸ்காட் காபியைக் கீழே வைத்தான்.

"மாமா, சுடவா?"

அந்த ஆணியை நினைத்தேன். தகப்பனாரை நினைத்தேன். கிடா என்னைப் பார்த்தது. அதன் நெற்றியில் என் வண்டியின் கறுப்புச் சாயம் ஒட்டியிருந்தது. இந்தத் தலையைச் சுவரில் மாட்டினால், வருகிறவன் எவனும் கேட்பான்: எப்படிச் சுட்டீர்கள்? கதவோடு சண்டை போட்டுக் களைத்து உட்கார்ந்திருந்தபோது என்று சொல்ல வேண்டும். பொய் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"வேணாம்மா. களைச்சு உக்காந்தவன சுட்டாங்கன்னு ஹல்வோர்சன் வீட்டுக்குப் பேர் வரக் கூடாது."

அவள் துப்பாக்கியை இறக்கினாள். "நீங்க சொல்லலேன்னா நானே சொல்லியிருப்பேன். சரி மாமா," என்றாள். இந்த முறை அது நன்றாகவே இருந்தது.

கிடா எழுந்தது. போகிற வழியில் சக்கரத்தை இன்னொரு தடவை நக்கிவிட்டு, நாங்கள் இறங்கிவந்த பாதையிலேயே மேலே ஏறிப் போனது.

"அப்ப ஆணி?" என்றான் பிரெஸ்காட்.

வீட்டுக்குப் போய்க் கதவைக் கழற்றினேன். ஓர் ஆணி தாங்காது என்று கார்ல் இரண்டு போல்ட்டும் சேர்த்து முடுக்கினான். இப்போது கணப்புக்கு மேலே அது தொங்குகிறது. நடுவில் நெற்றிப் பள்ளம், இரு பக்கமும் கொம்புகளின் சுற்று, தெளிவாகப் பதிந்திருக்கிறது. வண்டியில் கதவுக்குப் பதில் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். குளிரத்தான் செய்கிறது.

போன ஞாயிறு பிரெஸ்காட் வந்தான். நான் காபி எடுக்கச் சமையலறைக்குப் போனேன். எட்டிப் பார்த்தபோது அவன் நாற்காலிமேல் ஏறி, சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துப் பள்ளத்தின் குறுக்கே பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை அளந்தான். பிறகு இறங்கி, நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தான்.

காபியைக் கொடுத்தேன். பனியைப் பற்றி மட்டும்தான் பேசினான்.