பேர் வெட்டின தூக்குப்போசி

வேப்பங்காட்டுப் புதூரிலிருந்து யாரும் கம்பெனிக்கு வேலைக்குப் போவதில்லை. அவரவர் திறமை மட்டும் சோறு கொண்டுபோகிற தூக்குப்போசியில் போய்வரும். காலையில் வேன் வரும்போது போசியை வாசலில் வைத்தால் போதும். டிரைவர் எடுத்து சீட்டில் உட்கார வைத்துக்கொள்வார். சாயங்காலம் போசி திரும்பி வரும். மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கிற திறமை, போசியில் யார் பேர் வெட்டியிருக்கிறதோ அவரிடம் போய்ச் சேர்ந்துகொள்ளும். பிறகு போசியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.

கம்பெனியும் ஊர் மகளிர் குழுவும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு அது. சர்டிபிகேட்டைப் பார்த்து ஆள் எடுத்து எடுத்துக் கம்பெனிக்குச் சலித்துவிட்டது. சர்டிபிகேட்டோடு ஆளும் கூடவே வந்துவிடுகிறார், அவருக்கு உட்கார இடம் வேண்டியிருக்கிறது, மத்தியானம் பசிக்கிறது, தீபாவளிக்கு ஊருக்குப் போகிறார். அதனால் இனிமேல் திறமை மட்டும் போதும் என்றார்கள். ஊருக்கும் அது சரியாகப் பட்டது. ஆள் வீட்டில் இருந்தால் மாட்டுக்குத் தண்ணி காட்டலாம்.

சரசு அக்காவின் சிக்கெடுக்கும் திறமை நூல் பிரிவுக்குப் போனது. மழை வருவதை மோந்து பார்த்துச் சொல்லும் கிட்டானின் திறமையைச் சாயப் பிரிவு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு மழை பெய்கிற பகல்களில் கிட்டான் முழுக்க நனைந்து வீட்டுக்கு வருவார். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சனிக்கிழமை மட்டும் போசிகளெல்லாம் கம்பெனிக்குப் போகாமல் சமுதாயக் கூடத்துக்கு வரும். மூடியைத் திறக்காமல் பாயில் வரிசையாக வைப்பார்கள். கம்பெனியிலிருந்து மேடம் வந்து அவற்றுக்குப் பயிற்சி கொடுப்பார்.

கோகிலவாணி இதிலெல்லாம் சேருவாளென்று யாரும் நினைக்கவில்லை. அவளே நினைக்கவில்லை. ஆறாவதோடு நின்றவள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் கதவோரமாக நின்றுவிட்டு வந்துவிடுவாள். ஆள் எடுத்த அன்றைக்கும் கூடத்தின் கதவோரம்தான் நின்றாள். தோளில் ஒன்றரை வயசுப் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. மைக் செட் கத்திக்கொண்டிருந்தது.

"உனக்கு என்ன கண்ணு தெரியும்?" என்று குழுத் தலைவி ராஜாமணி அக்கா கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க்கா."

மேடம் பாப்பாவைப் பார்த்தார். "இந்தச் சத்தத்துல எப்படிங்க தூங்குது?"

"தட்டிக் குடுத்தாத் தூங்கிருமுங்க."

சொல்லும்போதே அவள் கை பாப்பாவின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது. மேடம் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டார். ராஜாமணி அக்காவும் விட்டார். மைக் செட்காரர் சாய்ந்து உட்கார்ந்தார். கம்பெனியில் சில மிஷின்கள் சுவிட்சை அணைத்த பிறகும் தூங்காமல் சிணுங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்காகத்தான் மேடம் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பேர் வெட்டின போசி ஒண்ணு கொண்டாங்க. இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்றாள் கோகிலவாணி.

யார் பேர் என்று மேடம் கேட்கவில்லை. அவளாகச் சொல்லவும் வாய் வரவில்லை. அந்த வீட்டுப் பாத்திரங்களில் மாமியார் பேர் இருந்தது, மாமனார் பேர் இருந்தது, புருஷன் சதாசிவத்தின் பேர்கூட ஒரு குத்துச்சட்டியில் இருந்தது. அவள் பேர் எதிலும் இல்லை. அவளுக்கென்று வந்தது ஒரே ஒரு தூக்குப்போசி. கல்யாணத்துக்கு அம்சவேணி கொடுத்தது. 'அம்சவேணி அன்பளிப்பு' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். மில் ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் படுத்த சிநேகிதி அவள். கல்யாணத்துக்கு வந்து போசியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனவளை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மறுநாள் கூடத்தில் பாப்பாவை மடியில் போட்டுத் தட்டச் சொன்னார்கள். பாப்பாவுக்குக் கண் செருகுகிற நேரத்தில் ராஜாமணி அக்கா போசியின் மூடியைப் படக்கென்று மூடினார். போசி சூடாக இருந்தது. கோகிலவாணி அதை வேனில் ஏற்றிவிட்டு, வேன் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். தனக்கு ஒன்று தெரியும் என்பதே அவளுக்குப் புதுசாக இருந்தது. அது வேனில் ஏறிப் போவதைப் பார்க்க இன்னும் புதுசாக இருந்தது.

பகல் முழுக்க அதே நினைப்பு. அங்கே யார் பக்கத்தில் உட்கார வைத்திருப்பார்களோ, புது இடமென்று மிரண்டுபோயிருக்குமோ.

"உன்ற கைல அப்படி என்ன இருக்குதுன்னு கம்பெனி வரைக்கும் போகுது?" என்று சதாசிவம் சோறு தின்றுகொண்டே கேட்டான்.

"இப்ப ஒண்ணுமில்லைங்க. சாயங்காலந்தான் வருமுங்க" என்றாள்.

சாயங்காலம் வேன் வந்தது. வீட்டுக்கு வீடு போசி இறங்கியது. அவளுடைய வாசலில் மட்டும் வேன் நிற்காமல் போனது. ஓடிப்போய் டிரைவரிடம் கேட்டாள்.

"அம்சவேணிங்கற பேர்ல இருந்த போசியுங்களா? அது இந்தப் பக்கம் சாயலையேங்க" என்றார் டிரைவர். "போசி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கந்தான் வண்டியத் திருப்புவனுங்க. அது கம்பெனில ஏத்துனதுல இருந்தே தெக்கத்தான் சாஞ்சுட்டு இருக்குது."

ஜன்னல் வழியாக அவள் எட்டிப் பார்த்தாள். போசி தெற்கே சாய்ந்துதான் இருந்தது. அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து பாப்பா தூங்கவில்லை. கோகிலவாணி தட்டினாள். சுவரைத் தட்டினதுபோல இருந்தது. பாப்பா அழவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவரைப் பார்ப்பதுபோல மரியாதையாக அவளைப் பார்த்தது. தொட்டிலில் போட்டால் கண்ணைத் திறந்தபடி ஆடியது. மாமியார் தட்டினார், சதாசிவம் தட்டினான். பாப்பா எல்லோரையும் அதே மாதிரி பார்த்தது. நாளாக நாளாக அதன் கண்கள் பெரிசாகிக்கொண்டு வந்தன. சாயங்காலம் ஆனால் கோகிலவாணி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். வேன் போகும். போசி ஜன்னலோரம் தெற்கே சாய்ந்தபடி போகும்.

சனிக்கிழமை சமுதாயக் கூடத்துக்குப் போனாள். பாயில் போசிகள் வரிசையாக இருந்தன. அவளுடையது முன் வரிசையில் இருந்தது. அதற்குப் பொட்டு வைத்திருந்தார்கள். வேலை நன்றாகச் செய்கிறதென்று பதவி உயர்வு கொடுத்திருந்தார்களாம்.

"அக்கா, அது என்ற போசிங்க" என்றாள்.

ராஜாமணி அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேரைப் படித்தார். "அம்சவேணின்னு இருக்குதே கண்ணு."

"போசி அவ குடுத்ததுங்க்கா. உள்ள இருக்கறது என்றதுங்க. இவுங்கதானுங்களே அன்னைக்கு எடுத்தாங்க" என்று மேடத்தைக் காட்டினாள்.

மேடம் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாங்க மொகத்தையும் பாக்கறதில்லைங்க, கார்டும் பாக்கறதில்லை. அதுதான் ஒப்பந்தம். செஞ்சு காட்டுங்க. அது போதும்."

கோகிலவாணி தரையில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் போட்டுத் தட்டினாள். மேடம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாமணி அக்காவும் பார்த்தார். ஒரு கொட்டாவிகூட வரவில்லை. பாப்பா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"இல்லைங்களே அம்மணி" என்றார் மேடம். நிஜமாகவே வருத்தப்பட்டார். "வேற ஏதாவது தெரியுமான்னு பாருங்க. வேகன்சி இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை போசிகளுக்கு லீவு. அவை வீட்டில் இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பாப்பாவை எடுத்துக்கொண்டு தெற்கே போகிற டவுன் பஸ்ஸில் ஏறினாள். கடைசி நிறுத்தம் கரட்டுமேடு. இறங்கினால் ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. நாய்கள் தூங்கின. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டார். டீயும் குவளைக்கும் கிளாசுக்கும் நடுவில் அப்படியே நின்றிருந்தது. வழி கேட்க ஆளில்லை. தூக்கம் எந்தப் பக்கம் கெட்டியாக இருந்ததோ அந்தப் பக்கம் நடந்தாள். அது ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் போய் முடிந்தது.

அம்சவேணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும்தான் அந்த ஊரில் விழித்திருந்தாள். முகம் நன்றாகத் தூங்கி எழுந்த முகமாக, தெளிவாக இருந்தது. ஹாஸ்டலில் ஒருநாளும் அவளுக்கு அந்த முகம் இருந்ததில்லை. மில்லில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் கிடையாது. மிஷின் சத்தம் காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கட்டிலிலிருந்து கையை நீட்டி, கோகிலவாணி அவள் முதுகில் தட்டிக் கொடுப்பாள். தட்டித் தட்டித்தான் அந்தக் கை பழகியது. பாப்பாவெல்லாம் பிறகு வந்தது.

"வா" என்றாள் அம்சவேணி. "பாப்பா உன்னையாட்டவே இருக்குது. கண்ணுதான் ஏன் இத்தன பெருசு?"

"தூங்கறதில்லை."

அம்சவேணி பாப்பாவின் கண்களை நெடுநேரம் பார்த்தாள். "மொத நாள் மூடியத் தொறந்ததுமே உன்ற கைன்னு தெரிஞ்சிருச்சு."

"அப்ப டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமில்ல?"

"அனுப்பியிருந்தா வாசல்லயே வாங்கிட்டு உள்ள போயிருப்ப. இங்க வந்திருப்பியா?"

கோகிலவாணி பாப்பாவின் கவுனைச் சரி செய்தாள். அம்சவேணி குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு தூக்குப்போசிகளை எடுத்தாள். பிளாஸ்டிக் பைகூடப் பிரிக்காத புதுப் போசிகள். இரண்டிலும் 'கோகிலவாணி' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது.

"வளைகாப்புக்கு ஒண்ணு. காதுகுத்துக்கு ஒண்ணு. உன்ற பேரு போடச் சொன்னேன். என்ற பேரு போட்டா நீ புழங்குவியோ மாட்டியோன்னு. நீ விசேஷத்துக்குச் சொல்லிவிடுவீன்னு பாத்தேன்."

வளைகாப்புக்கு அழைத்தவர்களெல்லாம் மாமியார் வழிச் சனம். இன்னும் ஒரு பேர் சேர்க்கச் சொல்லி அன்றைக்கும் அவளுக்கு வாய் வரவில்லை. காதுகுத்துக்கும் அப்படித்தான்.

அம்சவேணி ஒரு போசியைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். பாப்பாவை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு தட்டினாள். கோகிலவாணி தட்டுகிற மாதிரியேதான் தட்டினாள். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி, பிறகு ஒரு தட்டு. பாப்பாவின் கண்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. மூடியில் கை வைத்த பிறகும் அம்சவேணி மூடவில்லை.

"இன்னுங் கொஞ்ச நேரம்" என்றாள்.

"ம்" என்றாள் கோகிலவாணி.

பிறகு அம்சவேணியே மூடினாள். கோகிலவாணி அந்த மூடியைத் திறந்தாள். உள்ளங்கை சூடானது. பாப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. வெளியே நாய் ஒன்று குரைத்தது. டீக்கடையில் டீ கிளாசுக்குள் விழுகிற சத்தம் கேட்டது.

"படு. உனக்குத் தட்டிக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள் கோகிலவாணி.

"வேண்டாம். நீ தட்டுனாத் தூங்கிருவேன். தூங்கிட்டா நீ போறது தெரியாமப் போயிரும்."

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவளும் வந்தாள். ஒரு போசியைக் கோகிலவாணியிடம் கொடுத்தாள். இன்னொன்றைக் கேட்டதற்கு, அது இங்கேயே இருக்கட்டும் என்றாள். பஸ் கிளம்பித் திரும்பும்போது கோகிலவாணி பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அம்சவேணி கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமையிலிருந்து எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவள் பேர் வெட்டின போசியில் திறமை போனது. சாயங்காலம் வடக்கே சாய்ந்து, வேப்பங்காட்டுப் புதூரில் நேராக அவள் வாசலில் இறங்கியது. பாப்பா தூங்கியது. பாப்பாவின் கண்கள் பழைய அளவுக்கு வந்தன. போசியின் அடியில் அவள் பேரைப் பார்த்துவிட்டு மாமியாரே அதை நடுத்தட்டில் கவிழ்த்து வைத்தார். ஆனாலும் வேன் வந்து போன பிறகும் கோகிலவாணி கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்பாள்.

"இன்னும் யாருக்கு நிக்கற? அதுதான் வந்துருச்சில்ல?" என்பான் சதாசிவம்.

"ஆமாங்க, வந்துருச்சு" என்பாள். தெற்கே பார்த்தபடி சொல்வாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வேன் வழக்கத்தைவிட மெதுவாக வந்தது. டிரைவர் ஒரு கையில் ஒரு போசியும் இன்னொரு கையில் ஒரு போசியுமாக இறங்கினார். இரண்டாவதைத் தூக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார்.

"ரெண்டுலயும் உங்க பேருதானுங்க" என்றார். "இது காலைல கரட்டுமேட்டுல ஏறுச்சுங்க. பகலெல்லாங் கம்பெனில எதுவும் பண்ணல, சும்மாதான் இருந்துச்சு. சாயங்காலம் ரெண்டையும் பக்கம் பக்கமா வெச்சனுங்க. வர்ற வழியெல்லாம் அது இதைத் தட்டிக்கிட்டே வந்துதுங்க."

கோகிலவாணி இரண்டாவது போசியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே அம்சவேணி முழங்காலை மடக்கி, கன்னத்துக்கடியில் கையை வைத்துக்கொண்டு, ஹாஸ்டல் கட்டிலில் படுக்கிற மாதிரியே ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

போசியை அலுங்காமல் உள்ளே எடுத்துப்போய்த் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். காற்றுப் போகட்டும் என்று மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், உலையில் இன்னும் ஒரு கைப்பிடி அரிசி போட்டாள்.