தவளைத் தண்ணீர்

பாலைவன ஓரத்து ஊரான கஃப்சாவைச் சுற்றியிருந்த ஊற்றுகள் வற்றிய பிறகு, பச்சைத் தவளைகள் மிஞ்சியிருந்தது கெமைஸ் சித்தப்பாவின் பேரீச்சந்தோப்புத் தொட்டியில்தான். என் ஆய்வுக்காக மூன்று வருடங்களாக வியாழக்கிழமை தவறாமல் அங்கே போனேன். வலையால் பிடித்து, முதுகில் மிக லேசாக மின்சாரம் கொடுத்தால், தவளையின் தோலில் வெள்ளை நுரை கசியும். அதைக் கழுவி எடுத்துக்கொண்டு, தவளையைத் தொட்டியிலேயே விட்டுவிடுவேன்.

"என் பொண்ணுங்களே என்னை இவ்ளோ பாசமாத் தொட்டுப் பாக்கல. தவளையாப் பொறந்திருக்கலாம்" என்பார்.

"கரன்ட் வெப்பேன், சித்தப்பா."

"வெச்சுக்கோ. யாரு கேக்கப்போறா?"

அவர் எனக்கு உறவில்லை. வயது அறுபத்தெட்டு, மனைவி இறந்து எட்டு வருடம், மகள்கள் இருவரும் கடல் தாண்டி லியோனில். ஒரு வாரத்துப் பேச்சை மொத்தமாகச் சேர்த்துவைத்திருந்து என்னிடம் கொட்டுவார். மணவிலக்குக்குப் பிறகு என் வீட்டிலும் பேச ஆளில்லை என்பதை நான் அவரிடம் சொன்னதில்லை.

சேற்றுத் தண்ணீரில் கிருமிகளோடு வாழும் தவளைக்கு அந்த நுரைதான் ஆயுதம். அதில் பெப்டைடு என்கிற சின்னச் சின்னப் புரதத் துண்டுகள் ஏராளம். ஆய்வகத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் குப்பிகளில் வைத்தோம். பதினேழாவது குப்பி கிருமிகளைக் கொன்றது. புற்றுநோய் அணுக்கள் மேல் விட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குள் அவை உப்பி வெடித்தன. மறுநாள் வியாழக்கிழமை. சந்தோஷம் தாங்காமல் முதலில் அவரிடம்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அடுத்த வாரம் போனபோது அவர் எப்போதும் போடும் தேநீரைப் போடவில்லை.

"டாக்டரம்மா, அந்தப் பதினேழுல கொஞ்சம் குடு. தெரிஞ்சவர் ஒருத்தருக்கு வேணும்."

"அது மருந்து இல்ல சித்தப்பா. கண்ணாடித் தட்டுல நடந்ததை வெச்சு மனுஷனுக்குக் குடுக்க முடியாது."

"மூணு வருஷமா என் தொட்டியில அள்ளிட்டுப் போறியே. ஒரு குப்பி குடுக்க மனசு வரலையா?"

வலையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அதற்கடுத்த வாரம் தொட்டியோரம் நாலு தவளைகள் செத்துக் கிடந்தன. பக்கத்தில் ஒரு வாளி. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வாந்தி.

"வாளியில போட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணியக் குடிச்சேன். கசப்பு" என்றார்.

மருத்துவமனைக்கு வர மறுத்தார். முகம் கழுவிவிட்டு, காரில் ஏற்றி ஆய்வகத்துக்கே கூட்டிவந்தேன். அவர் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, உப்புநீரில் கலந்து, இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஊற்றினேன். ஒன்றை அப்படியே விட்டேன். மற்றதில் பதினேழிலிருந்து ஒரு சொட்டு.

முதல் குழாய் கலங்கலாகவே இருந்தது. இரண்டாவது சில நிமிடங்களில் மாதுளைச் சாறு போலத் தெளிந்தது.

"தெளிஞ்சிடுச்சே. நல்லதுதானே?"

"இல்ல. உங்க ரத்த அணுவெல்லாம் உடைஞ்சு கரைஞ்சுபோச்சு. புத்துநோயை உடைக்கிற மாதிரியே இதையும் உடைக்குது. யாரு எதிரி, யாரு நம்மாளுன்னு அதுக்குத் தெரியல."

குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப எனக்கு வேணாம்" என்றார். வேண்டியிருந்தது தெரிஞ்சவருக்கு இல்லை, தனக்குத்தான் என்று சொல்லிவிட்டது, சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

குடலில் புற்றுநோய் என்று மருத்துவர்கள் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்களாம். சிகிச்சைக்கு அவர் போகவே இல்லை.

"பொண்ணுங்களுக்குத் தெரியுமா?"

"சொன்னா ஓடி வருவாளுங்க. பத்து நாள் அழுதுட்டுப் போவாளுங்க. அதுக்கப்புறம் இந்த வீட்ல தனியா இருக்க என்னால முடியாதும்மா."

அதன்பிறகு சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்ஃபாக்ஸ் நகர மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். மூன்று மணி நேரப் பாதை. போகும்போது பேசுவார், வரும்போது தூங்குவார். "நீங்க மகளா?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "என் தவளைங்களோட டாக்டர். என்னையும் சேத்துப் பாக்குறாங்க" என்றார். நர்ஸ் சிரிக்கவில்லை. நாங்கள் இருவரும் சிரித்தோம்.

பதினான்கு மாதம் உயிரோடு இருந்தார். கடைசி ரமலானில் மகள்களுக்கு அவரே போன் செய்தார். வந்தார்கள், அவர்கள் கையைப் பிடித்தபடிதான் போனார். இறுதித் தொழுகைக்கு ஊரே வந்திருந்தது. நான் யார் என்று யாரும் கேட்கவில்லை. பெண்கள் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

பதினேழாவது பெப்டைடின் சங்கிலியில் ஒரே ஒரு அமினோ அமிலக் கண்ணியை மாற்றி மறுபடி செய்ய எங்களுக்கு இன்னும் ஒன்றரை வருடம் பிடித்தது. புற்றுநோய் அணுக்கள் முன்போலவே வெடித்தன. பிறகு என் விரலையே குத்தி, குழாயில் கலந்த ரத்தத்தில் புதிய பதினேழிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். பத்து நிமிடம். அரை மணி. ஒரு மணி நேரம் ஆகியும் குழாய் கலங்கலாகவே இருந்தது. எலிகளிடம் சோதிக்கவே இன்னும் வருடங்கள் ஆகும். மனிதர்கள் அதற்கும் அப்பால்.

மதியச் சாப்பாட்டு நேரம். அறையில் வேறு யாரும் இல்லை.

"உடையல" என்று ஒருமுறை சத்தமாகச் சொன்னேன். பிறகு நேரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினேன்.